சாப்பாட்டுப் பையில் தராசு

வேறொரு பெண்ணின் கொண்டை ஊசி கிடைத்திருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும். கத்தியிருப்பேன். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். மூன்றாவது நாள் அவரே வந்து ஏதாவது உளறியிருப்பார். ஆனால் என் கணவரின் சாப்பாட்டுப் பையில் எனக்குக் கிடைத்தது ஒரு தராசு.

உள்ளங்கை அளவுதான் இருக்கும். கறுப்பு நிறம், ஓரத்தில் எண்கள் ஒளிரும் சின்னத் திரை. கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியில் சுற்றி, டிபன் பெட்டிக்குக் கீழே பையின் அடியில் வைத்திருந்தார். பையைத் துவைக்கலாம் என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்தபோது கையில் தட்டுப்பட்டது. துணியைப் பிரித்தேன். தராசின் விளிம்பில் ஒரு ரொட்டித் துகள் ஒட்டியிருந்தது. அது என் ரொட்டி. அந்த மேலோட்டின் நிறத்தை எந்த ஊரில் எந்தத் தட்டில் பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன்.

நான் சுட்ட ரொட்டியை யாரோ எடை போட்டிருக்கிறார்கள்.

பேக்கரியில் மாவு பிசைவது என் வேலை. விடிவதற்கு முன்னால் போய் மத்தியானம் பன்னிரண்டுக்குக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்புவேன். அங்கே எல்லாமே எடைதான். மாவு நூறு பங்கு என்றால் தண்ணீர் அறுபத்திரண்டு பங்கு, உப்பு இரண்டு பங்கு. சின்ன ரொட்டி ஒன்றுக்கு இருநூற்று எழுபது கிராம் மாவுருண்டை. அடுப்பில் முப்பது கிராம் ஆவியாகிப் போய், ஆறும்போது சரியாக இருநூற்று நாற்பது நிற்கும். ஒரு கிராம் கூடினால் என் கைக்கே தெரிந்துவிடும். அதனாலேயே என் வீட்டுச் சமையலறையில் தராசு வைத்ததில்லை. அளந்து போடுவது கடைக்கு வருகிறவர்களுக்கு. அள்ளிப் போடுவது வீட்டுக்காரருக்கு. பத்தொன்பது வருஷமாக அப்படித்தான்.

அவருக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷமாகிறது. வந்த அன்றே வீட்டிலிருந்த சர்க்கரை டப்பாவைக் காலி செய்து, கழுவி, அதில் துணி மாட்டும் கிளிப்புகளைப் போட்டு வைத்தேன். நானும் இனிப்பை விட்டேன். இனிப்புக்கு நடுவிலேயே நின்று வேலை செய்கிறவள் இனிப்பை விடுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். கேக்கின் மேல் பூசும் கிரீமை ருசி பார்க்கச் சொன்னால்கூட அடுப்புக்காரர் பக்கம் தள்ளிவிடுவேன். இவ்வளவு செய்தும் இவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போய், எட்டு மாதத்துக்கு முன்னால் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி என்று ஆனது. அதன் பிறகும் ஏறியது. பிறகு நாலு மாதத்துக்கு முன்னால், எப்படியென்று தெரியாமல், இறங்க ஆரம்பித்தது.

போன தடவை டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரோ நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறதே என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெருமை முகத்தில் வழிந்தது. அதை மறைக்க வேண்டியிருந்தது. அடுப்புக்காரரிடம் அதைக் குறைந்தது ஐந்து தடவை சொல்லியிருப்பேன். ஆறாவது தடவை ஆரம்பித்தபோது அவர், "தெரியும்மா, டாக்டர் உனக்குக் கோயில் கட்டப் போறாரு," என்று அடுப்புக் கதவைச் சாத்திவிட்டார்.

அந்தப் பெருமையெல்லாம் இப்போது இந்தக் கறுப்புத் தராசின் மேல் உட்கார்ந்திருந்தது. எடை ஒன்றும் காட்டவில்லை.

சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்தபோது தட்டை வைத்து, தட்டுக்குப் பக்கத்தில் தராசை வைத்திருந்தேன். பார்த்தவுடன் துண்டால் காதைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த காது.

"யாரு குடுத்தது?" என்றேன்.

"கிராம் அக்கா."

அந்தப் பெயரை அதற்கு முன் இரண்டு தடவை அவர் வாயில் கேட்டிருக்கிறேன், ஏதோ பட்டறைக் கதை என்று விட்டிருக்கிறேன். இவர் கண்ணாடி வெட்டுகிறவர். கடை முகப்புக்கு, அலமாரிக்கு, குளியலறைக்கு என்று அளவு சொன்னால் வெட்டிக் கொடுக்கும் பட்டறை. வெட்டிய கண்ணாடியின் விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க இயந்திரத்தில் வைத்துத் தேய்க்கிறவள் அந்தக் கிராம் அக்கா.

"உங்களவிட சின்னவதானே? அப்புறம் என்ன அக்கா?"

"பட்டறைல எல்லாருக்கும் அவங்க அக்காதான். முதலாளிக்கே அக்கா."

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பதினோரு வயதிலிருந்து சர்க்கரை. அப்போதிருந்து ஊசிதான். எதைத் தின்றாலும் எடை போட்டுத் தின்பாள். பட்டம் அப்படி வந்ததுதான். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இவர் வெட்டு மேசைமேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிப் போயிருக்கிறார். அவள் தட்டி எழுப்பி, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறாள். ஒரு முழு ரொட்டி என்றிருக்கிறார். ரொட்டி இனிக்காவிட்டாலும் அதில் பாதி சர்க்கரையாகத்தான் ரத்தத்தில் போய்ச் சேரும் என்று அவள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். முதலில் காய், அப்புறம் முட்டையோ மீனோ, ரொட்டி கடைசியில். அதுவும் நூற்று இருபது கிராமுக்கு மேல் கூடாது.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில மாதங்களாக அவர் வீட்டிலும் ரொட்டியைக் கடைசியில்தான் சாப்பிட்டார். பிடித்ததைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். நினைத்து, மனசுக்குள் சிரித்தும் இருக்கிறேன்.

"மிச்ச ரொட்டி?"

"அவங்க எண்பது கிராம் எடுத்துப்பாங்க. மீதி யாராவது. அவங்க கொண்டு வர்ற பீன்ஸ்ல பாதி எனக்கு."

"வேண்டாம்னா திருப்பிக் கொண்டு வந்திருக்கலாமே?"

"ரொட்டிய மிச்சம் வெச்சுட்டு வந்தா உன் மூஞ்சி எப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். என் முகம் அப்போது எப்படி இருந்ததோ, அதற்குமேல் பார்க்காமல் சாப்பாட்டில் கையை வைத்தார். காயிலிருந்து தொடங்கினார்.

இன்னொன்றும் சொன்னார். எவ்வளவு ரொட்டி என்று எடை பார்த்து, அதற்குத் தகுந்தபடி ஊசியின் அளவை வைத்துக்கொள்வதாக. அதைக் காது வாங்கிக்கொண்டது, மனசு வாங்கவில்லை. மனசு அந்தப் பாதி பீன்ஸிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் மாவு பிசையும்போது அந்தப் பட்டறை என் கண் முன்னால் வந்து நிற்கும். வாசலுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. சுவரெல்லாம் கண்ணாடி என்று தெரியும். ஆகவே நடுவில் ஒரு மேசை, அதில் இவர்கள் இரண்டு பேர், சுற்றியுள்ள கண்ணாடிகளில் இன்னும் நாற்பது ஜோடி இவர்கள். நாற்பது ஜோடியும் குனிந்து என் ரொட்டியை எடை போடுகிறார்கள். நாற்பது பேரும் நாற்பது பேருக்குப் பீன்ஸ் பங்கு வைக்கிறார்கள். அவளுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. எங்கள் கடையில் வெள்ளிக்கிழமைதோறும் கேக் வாங்க வரும் நீளக் கழுத்துக்காரியின் முகத்தை எடுத்து வைத்தேன். அந்த வாடிக்கையாளரிடம் காரணமில்லாமல் கடுகடுக்கவும் செய்தேன்.

சண்டை போட்டு இதை ஜெயிக்க முடியாது. அவர் குனிந்து ஒப்புக்கொண்டுவிட்டார், தராசைக்கூட எடுக்காமல் மேசைமேலேயே இரண்டு நாள் விட்டிருந்தார். ஆனால் சர்க்கரை எண் இறங்கியது அவளால்தான் என்பதை மனசிலிருந்து எப்படி இறக்குவது?

வழியைக் காட்டியது ஒரு வாடிக்கையாளர். மாவே இல்லாத ரொட்டி உண்டா என்று அவர் கேட்டுவிட்டுப் போனார். முதலாளியம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வாதுமையை மாவாக அரைத்து, ஆளி விதையைப் பொடித்து, முட்டை வெள்ளையும் கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த பசையும் சேர்த்து வேலை முடிந்த பிறகு முயற்சி செய்தேன். முதல் நாள் செங்கல் வந்தது. இரண்டாம் நாள் ஈரச் செங்கல். ஒன்பது நாளில் ரொட்டி வந்தது. பழைய ரொட்டியில் நூறு கிராமுக்கு ஐம்பது கிராம் மாவுச்சத்து. இதில் பன்னிரண்டே பன்னிரண்டு. சரி, அது மட்டுமென்றால் யாரும் செய்துவிடலாம். என் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருந்தது. அதே நீளம், அதே நிறம், மேலே அதே மூன்று கீறல், ஆறிய பிறகு அதே இருநூற்று நாற்பது கிராம். வெட்டிப் பார்த்தால்கூட வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

அடுப்புக்காரர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"இவ்வளவு மெனக்கெடறது வீட்டுக்காரருக்காகவா, சக்களத்திக்காகவா?" என்றார்.

"வீட்டுக்காரருக்காகத்தான்."

"அப்படின்னா எதுக்குப் பழசு மாதிரியே செய்யறே?"

 பதில் எனக்குத் தெரியும். இவர் வழக்கம்போல எடை போட்டுச் சாப்பிடுவார். எண் மட்டும் திடீரென்று அழகாக இறங்கும். இரண்டு பேரும் தலையைச் சொறிவார்கள். ஒரு வாரம் சொறியட்டும். அப்புறம் நான், போகிற போக்கில் சொல்வதுபோல, அது கிராம் இல்லை, நான் என்று சொல்வேன். அந்த வாக்கியத்தைப் பஸ்ஸில் நின்றபடி பல விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை அந்த ரொட்டியைப் பையில் வைத்தேன்.

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தூங்குவது என் வழக்கம். அன்று கால் வேறு பக்கம் திரும்பியது. பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு ஆகப் போகிறது. முற்றத்தில் வண்டி இல்லை. ஏதோ கடைக்குப் பெரிய கண்ணாடி மாட்ட முதலாளியும் மற்ற இரண்டு பேரும் போயிருக்க வேண்டும். உள்ளே ஒரு இயந்திரம் மட்டும், கண்ணாடி எதுவும் வைக்கப்படாமல், சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

நான் கற்பனை செய்ததில் பாதி சரியாக இருந்தது. நீளமான கூடம், இரண்டு பக்கமும் சாய்த்து வைத்த கண்ணாடிகள். சாப்பாட்டு மேசை நேர்ப் பார்வையில் தெரியவில்லை. நடுவில் மரச் சட்டங்கள் மறைத்தன. ஆனால் எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்த கண்ணாடியில் மேசை முழுதும் தெரிந்தது. வாசல் நிழலில் நின்று அதைப் பார்த்தேன்.

அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இடது கை. அதிலும் ஒரு விரல். மிக நெருக்கமாகக் குனிந்து அந்த விரலை ஒரு கையால் தாங்கி, இன்னொரு கையால் அதன் நுனியைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். அவள் கண்கள் பாதி மூடியிருந்தன. நெற்றி முடி வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் உதட்டில் ஒரு சிரிப்பு, எதற்கென்று சொல்ல முடியாத சிரிப்பு. பத்தொன்பது வருஷத்தில் என் விரலை அவர் அப்படிப் பிடித்ததில்லை. 

உள்ளே போய்ச் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தைத் தேடினேன். கடுமையான வாக்கியம்தான் வேண்டும், ஆனால் அழுகை கலந்துவிடக் கூடாது. எவ்வளவு நேரம் தேடினேன் என்று தெரியாது. ஒரு நிமிஷம் இருக்கலாம், மூன்று இருக்கலாம். அந்த நிமிஷங்களை இப்போதும் என்னால் எண்ண முடிவதில்லை.

அப்போது கண்ணாடிக்குள் அவர் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார்.

திடுக்கிடவில்லை. கையை விடவில்லை. மாட்டிக்கொண்டவரின் முகம் அப்படி இருக்காது. அந்தப் பார்வையில் நான் இல்லவே இல்லை. பிறகு மறுபடியும் குனிந்து, அந்த விரல் நுனியைத் தொட்டார். அப்போதுதான் பார்த்தேன். அவர் கையில் இருந்தது விரலைக் குத்தி ரத்தம் எடுக்கும் பேனா. மூடியைக் கழற்றவில்லை. மூடியோடு குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. முதுகுச் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

இன்சுலின் தொடங்கிய முதல் மாதத்தில் ஒருநாள் வீட்டில் அவருக்கு இப்படி ஆகியிருக்கிறது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கினால் மூளை குழம்பும் என்றும், விழுங்க முடிகிறவரை உடனே இனிப்பாக எதையாவது குடிக்கக் கொடுக்க வேண்டும் என்றும் நர்ஸ் என்னை உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்.

ஓடினேன். டீ போடும் மூலையில் ஒரு டின்னில் சர்க்கரை இருந்தது. ஆறு வருஷமாக அவர் வாய்ப் பக்கம் வர விடாத சர்க்கரை. அளக்கவில்லை. கையால் அள்ளித் தண்ணீரில் போட்டு, விரலாலேயே கலக்கி, அவர் உதட்டருகே கொண்டு போனேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாக்கு குழறியது. ஆனாலும் தெளிவாகக் கேட்டது.

"மொதல்ல அவங்களுக்கு."

அதைக் கேட்டு நான் நின்றேன். ஒரு நொடிதான், ஆனால் நின்றேன். அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்வதில் பிரயோஜனமில்லை.

பிறகு அவள் தலையை என் கையில் சாய்த்துக்கொண்டேன். நீளக் கழுத்தெல்லாம் இல்லை. குள்ளமான, ஒல்லியான பெண். என் மாவு மூட்டை ஒன்றின் எடைகூட இருக்க மாட்டாள். கயிற்றில் கட்டிய மூக்குக் கண்ணாடி மார்பில் தொங்கியது. விரல் நுனிகளில் கறுப்புப் புள்ளிகளாக ஊசி குத்திய தடங்கள், அவற்றுக்கு மேல் கண்ணாடி கிழித்த கோடுகள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். முதல் வாய் பாதி கழுத்தில் வழிந்தது. இரண்டாவதை விழுங்கினாள். மூன்றாவதற்கு அவளே குவளையைப் பிடித்துக்கொண்டாள். உடனே இன்னொரு குவளை கலந்து இவருக்குக் கொடுத்தேன். குழந்தை மாதிரி முழுவதையும் குடித்துவிட்டு, இனிக்கிறது என்று புகார் சொன்னார்.

மீட்டரில் பார்த்தபோது அவளுக்கு நாற்பத்தாறு, இவருக்கு ஐம்பத்து நாலு. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தோம். இருவருக்கும் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. யாரோ போய் அந்த இயந்திரத்தை நிறுத்தினார்கள். நான்தான் என்று நினைக்கிறேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கிராம் அக்கா செய்த முதல் காரியம், சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து விரித்ததுதான். அன்றைய சாப்பாட்டை எழுதி வைத்திருந்தாள். விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். இவருக்கு ரொட்டி நூற்று இருபது, ஊசி ஆறு யூனிட். தனக்கு எண்பது, நாலு யூனிட். பீன்ஸ், முட்டை. மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். தராசை முடுக்கி, எடை தெரிந்த கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து அதன் எடை சரியாகக் காட்டுகிறதா என்றும் பார்த்தாள். காட்டியது.

"அப்போ நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்," என்றாள்.

பேட்டரி தீர்ந்திருக்கும், ஊசி பழசாக இருக்கும் என்று இவர் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. ரொட்டியாக இருக்குமோ என்று அவர் வாயெடுத்தபோது மட்டும் தலையை ஆட்டினாள்.

"அது இல்ல. அவங்க ரொட்டி மாறவே மாறாது. நாலு மாசத்துல நாலு கிராம் கூடக் குறைய வந்ததில்ல. மத்த எல்லாத்தையும் ரெண்டு தடவை பாப்பேன். ரொட்டிய மட்டும் கண்ண மூடிட்டுப் போடுவேன்." இவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க கையக் கும்பிடணும்."

பிறகு தராசை அந்த மெல்லிய துணியில் சுற்றினாள். இழுப்பறையைத் திறந்தாள், இந்த மாதிரி நேரத்துக்கென்று அவள் வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலங்கள் அதில் வரிசையாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால் தராசைத் தள்ளினாள். இனிமேல் என்னைக் கேட்காதீர்கள், டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று இவரிடம் சொன்னாள். ஒரு மனுஷனின் உயிரோடு விளையாடிவிட்டேன் என்றாள். குரல் உடையவில்லை. ஆனால் இழுப்பறையை மூட இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

நான் விரும்பியது அப்படியே, சுட்ட சூடு ஆறாமல் என் கையில் வந்து விழுந்தது. சும்மா இருந்தால் போதும். தராசு போயிற்று, பீன்ஸ் போயிற்று, நாற்பது ஜோடியும் போயிற்று. இன்னும் ஒரு வாரம் கழித்து அவரிடம் புது ரொட்டியைப் பற்றிச் சொல்லி, வீட்டிலேயே எண்ணை இறக்கிவிடலாம். வாயைத் திறக்க எனக்கு ஒரு அவசியமும் இல்லை.

ஆனால் என் ரொட்டி மாறாது என்று அவள் சொல்லிவிட்டாள். அப்படி ஒரு வார்த்தையை முதலாளியம்மா சொன்னதில்லை. இவரும் சொன்னதில்லை.

"ரொட்டி மாறிடுச்சு," என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாதுமை, விதை, முட்டை வெள்ளை, ஒன்பது நாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பழையது போலவே தெரியச் செய்ததையும் சொன்னேன். நூறு கிராமுக்குப் பன்னிரண்டே உள்ள ரொட்டிக்கு, ஐம்பது இருப்பதாக எண்ணி இரண்டு பேரும் ஊசி போட்டிருக்கிறார்கள் என்பது சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு உறைத்தது. இவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து கூரையைப் பார்த்தார்.

"சொல்லிட்டுக் குடுத்திருக்கலாமே," என்றாள் அவள்.

"சொல்லியிருந்தா அவருக்குக் குறைஞ்சது உங்க கணக்குல போயிருக்கும்."

 அவள் கோபமில்லாமல், ஒரு அளவைச் சொல்வதுபோலச் சொன்னாள். "நான் தனியா இருக்கறவ. மீதி ரொட்டிய வீட்டுக்குக் கொண்டு போய் ஊசி போட்டுச் சாப்பிட்டிருந்தா, நாளைக்குத்தான் கதவ உடைச்சிருப்பாங்க."

நான் உட்கார்ந்தேன். அவள் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை எடுத்தாள்.

"நூறு கிராமுக்கு எவ்வளவு?"

"பன்னிரண்டு."

"எதுல எவ்வளவு போட்டீங்க, வரிசையாச் சொல்லுங்க."

சொன்னேன். வாதுமை நூறு பங்கு என்று தொடங்கி, வேலையில் சொல்வதுபோலவே சொன்னேன். அவளுக்கு அந்தக் கணக்கு ஒரே தடவையில் பிடிபட்டது. ஆளி விதை எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று கேட்டாள். அடுப்பில் எத்தனை கிராம் குறைகிறது என்று கேட்டாள். அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்விகள். இவர் நடுவில் புகுந்து, அப்படியென்றால் அது நல்ல ரொட்டிதானா என்றார்.

"ரொம்ப நல்ல ரொட்டி," என்றாள் அவள் எழுதுவதை நிறுத்தாமல். "சாப்பிடறவங்கள உயிரோட விட்டா."

சாயங்காலம் இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். முதல் தெரு முழுக்க, திட்டினால் நன்றாக இருக்கும் என்று பக்கத்திலேயே நடந்தேன். திட்டவில்லை. இரண்டாவது தெருவில் நான்தான் தாங்க முடியாமல் கேட்டேன்.

"ஏன் மொதல்ல அவளுக்கு?"

"அவங்க மோசமா இருந்தாங்க."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று வீட்டுக் கதவு வரை பார்த்தேன். சொல்லவில்லை. அதற்குமேல் அதில் ஒன்றும் இருக்கவில்லை என்று எனக்கும் தெரிந்தது. தெரிந்தும் எரிந்தது.

இப்போது தினமும் இரண்டு சின்ன ரொட்டி. பழைய மாவுதான், பழைய கீறல்தான். ஒன்று நூற்று இருபது கிராம், இன்னொன்று எண்பது. தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றுவேன். எண்பது கிராம் பொட்டலத்தின் மேல், மாவுச்சத்து நாற்பது என்று பென்சிலால் கொட்டை எழுத்தில் எழுதுவேன். விதை ரொட்டி வைக்கிற நாளில் விதை ரொட்டி என்றும், அதற்கான எண்ணையும் எழுதுவேன். ஒருநாளும் மறந்ததில்லை.

அவருடைய பொட்டலத்தில் எதுவும் எழுத மாட்டேன்.

எழுதாததற்குக் காரணம் கேட்டார். போன் எதற்கு இருக்கிறது, ஊசி போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அன்றிலிருந்து பன்னிரண்டரைக்கு என் போன் அடிக்கிறது. பஸ்ஸில் இருப்பேன், சில நாள் வீட்டுப் படியேறிக்கொண்டிருப்பேன். எத்தனை என்பார். அறுபது என்பேன். காய் முதலில்தானே, முட்டையைக் கடைசிக்கு வைக்க மாட்டீர்களே என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பேன். பின்னால் பட்டறைச் சத்தம் கேட்கும். அவள் சத்தமும் கேட்கும்.

போன வாரம் ஒருநாள் அவள் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

"என் பொட்டலத்துல எழுதியிருக்கே. ரெண்டும் ஒரே ரொட்டிதானே? ஒண்ணரை மடங்கு போட்டா வந்துடும். எதுக்கு தினமும் போன்?"

 நான் படியில் நின்றுவிட்டேன்.

"இருக்கட்டும்," என்றார் அவளிடம். "அவகிட்ட கேட்டுடறேன்."

பிறகு என்னிடம் கேட்டார். நான் உடனே சொல்லிவிடவில்லை. சாவியைத் தேடுவதாகச் சொல்லி, கொஞ்ச நேரம் அவரைக் காக்க வைத்தேன்.